முப்பத்தேழு நீலவேணி

கையுறையெல்லாம் வேண்டாம் தம்பி, கழட்டிப் பையில வைங்க. அதை மாட்டிக்கிட்டுத் தொடுற மாதிரி இங்க ஒண்ணும் மிச்சம் இல்லை. சென்னையிலேர்ந்து வந்திருக்கீங்க, பாவம். பேப்பர்ல வந்ததைப் பாத்துட்டுத்தானே வந்தீங்க? அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி வந்தது. திண்டுக்கல்லில் ஒரு சினிமாக் களஞ்சியம்னு தலைப்புப் போட்டு, நான் ஆல்பத்தை நெஞ்சோட சேத்துப் புடிச்சு நிக்கிற போட்டோ போட்டிருந்தாங்க. அந்த ஆல்பத்துல இருந்த படம் ஒண்ணுகூட இப்ப இல்லை.

திருட்டுப் போகலை. கரையான் அரிக்கலை. என் சம்சாரம் தண்ணியில போட்டா. தண்ணியிலன்னா, அண்டாவுல, கொதிக்கிற தண்ணியில. நம்ப முடியலை இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

உக்காருங்க. வந்தது வந்துட்டீங்க, மத்ததைப் பாத்துட்டுப் போங்க. பாட்டுப் புஸ்தகம் ரெண்டு பெட்டி இருக்கு. சினிமாப் பத்திரிகை வருஷவாரியா, துணி முதுகு வெச்சு நானே பைண்ட் பண்ணது இருக்கு. அதுல கேள்வி பதில் பக்கத்துல என் பேரு நாலு தடவை வந்திருக்கு, சவரிமுத்து, திண்டுக்கல்னு. அடையாளம் வெச்சிருக்கேன், காட்டறேன். ஆனா உங்க கண்காட்சிக்கு வேணுங்கிறது நீலவேணி கார்டு. எல்லாருக்கும் அதுதான் வேணும். எனக்கும் அதுதான் வேணும்.

எஸ்.கே. நீலவேணியை நீங்க படத்துல பாத்திருக்கீங்களா? டி.வி.யில போட்டா பாத்திருப்பீங்க. மத்த நடிகைங்க அழுவாங்க, ஆடுவாங்க, மயக்கம் போட்டு விழுவாங்க. இந்தம்மா சும்மா நின்னு ஒரு பார்வை பாக்கும். அம்புட்டுத்தான், கொட்டகையே கப்சிப்னு ஆயிடும். நம்ம நத்தம் பக்கத்துப் பொண்ணு வேற. நான் முதமுதல்ல பாத்தப்ப எனக்கு இருபத்தி நாலு வயசு, கல்யாணம் ஆகி ஒரு வருஷம். அன்னைக்குப் புடிச்சது.

அப்ப எல்லாம் நட்சத்திரத்துக்குக் கடுதாசி போட்டா, போட்டோ கார்டு அனுப்புவாங்க. தபால் தலை ஒட்டி, நம்ம விலாசம் எழுதி, பதில் கவர் ஒண்ணை உள்ள வெச்சுடணும். எங்களை மாதிரி சேக்கிறவங்களுக்குள்ள அதுல ஒரு சூட்சுமம் உண்டு. ஆம்பளை பேர்ல எழுதினா, கார்டு வரும், ஆனா கையெழுத்து அச்சுல இருக்கும். எல்லாக் கார்டுலயும் அதே நெளிவு, அதே சுழி. பொம்பளை பேர்ல எழுதினா, அந்தம்மாவே பேனாவைப் புடிச்சுப் போட்ட கையெழுத்து வரும். இது தேனியில ஒருத்தர், மதுரையில ஒருத்தர், எங்க நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும். தேனிக்காரர் தங்கச்சியை வெச்சு எழுதுவாப்ல. மதுரைக்காரர் அவரே இடது கையில பொம்பளை எழுத்து மாதிரி எழுதிப் பாத்து மாட்டிக்கிட்டாப்ல. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வீட்டுலயே லூர்து இருந்தா.

லூர்தம்மாள், என் சம்சாரம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். எங்க ரெண்டு வீட்டுலயும் சேத்து அதுவரைக்கும் பாஸ் பண்ணது அவ ஒருத்திதான். நான் எட்டாவதோட பைண்டிங் கடைப் பசை வாளியைத் தூக்கினவன். எங்கப்பா பொண்ணு பாத்துட்டு வந்து, எழுத்தைப் பாருடா, அச்சு கோத்த மாதிரி இருக்குன்னு காட்டினார். கல்யாணத்துக்கு முந்தி டீச்சர் டிரெயினிங் போகணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாளாம். போகட்டும், பின்னாடி பாத்துக்கலாம்னு நாங்களும் சொன்னோம். முடியாதுன்னு நான் ஒரு நாளும் சொல்லலை, அதைக் குறிச்சுக்கங்க. பின்னாடி பாக்கலாம்னுதான் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா. அன்புள்ள அக்கா, தங்கள் படத்தைப் பதினோரு முறை பார்த்தேன், தாங்கள் கையொப்பமிட்ட புகைப்படம் ஒன்று அனுப்பி வைத்தால் பூஜை அறையில் வைப்பேன். இதுதான் நான் சொல்றது. நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, பூஜை அறை ஏது, ஆனா அப்படி எழுதினா அனுப்புவாங்க. நான் சொன்னது அஞ்சு வரி முடிஞ்சிடும். அவ மூணு பக்கம் எழுதிக்கிட்டே இருப்பா. என்னடி எழுதறேன்னா, "பொம்பளைங்க எழுதின மாதிரி இருக்க வேண்டாமாங்க? சமையல், குழந்தை, வீட்டுச் சமாச்சாரம்னு ரெண்டு வரி இருந்தாத்தானே நம்புவாங்க"ன்னா. சாமர்த்தியக்காரின்னு நினைச்சுக்கிட்டேன். என்ன எழுதினான்னு நான் பாத்ததில்லை. அடுத்தவங்க கடுதாசியைப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பெண்டாட்டியா இருந்தாலும் அது அவ கடுதாசி. இந்தக் காலத்துல எத்தனை பேர் அப்படி இருக்காங்க, சொல்லுங்க?

பதில் கவர்ல கடை விலாசம்தான். லூர்தம்மாள், மேற்பார்வை சவரிமுத்து பைண்டிங் ஒர்க்ஸ், மணிக்கூண்டு அருகில். வீட்டுக்கு வந்தா யார் யாரோ பிரிப்பாங்க, மடிப்பு விழும். கடைக்கு வந்தா என் கையில நேரா வரும். வந்த அன்னைக்கே ஒட்டிடுவேன்.

நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியும். மூலை மட்டும் வெச்சுச் செருகணும்னு. தேனிக்காரரும் அதையேதான் சொல்வாப்ல. அவர் ஆல்பத்தைத் தூக்கினா பாதிக் கார்டு மடியில விழும். நான் பைண்டர் தம்பி. மைதாவை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினா, பூச்சி வராது, ஜென்மத்துக்கும் விடாது. கார்டோட பின்பக்கம் முழுக்கத் தடவி, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நீவி, பிரஸ்ல ஒரு ராத்திரி இறுக்கி வெச்சுட்டா, பக்கமும் படமும் ஒரே தாள் மாதிரி ஆயிடும். அப்படி ஒட்டினது முப்பத்தேழு. முப்பத்தேழு நீலவேணி. ஒண்ணுல தாவணி, ஒண்ணுல குதிரைமேல, ஒண்ணுல டெலிபோனைக் காதுல வெச்சு. தமிழ்நாட்டுல வேற யார்கிட்டயும் அப்படி வரிசையா கிடையாது.

பின்பக்கம் எழுத்து இருந்துச்சு, ஆமா. எல்லாத்துலயும் இல்லை, பாதிக்கு மேல இருந்துச்சு. நீல பால்பாயிண்ட்ல பொடிசா, நெருக்கமா. நமக்கு வேணுங்கிறது முன்பக்கம். முகம் முன்னாடி இருக்கு, கையெழுத்து முன்னாடி இருக்கு. பின்னாடி என்ன இருந்தா என்ன? கோயில் பாட்டுப் புஸ்தகம் பைண்ட் பண்றப்ப அட்டைக்குப் பின்னாடி யாரோட கணக்குத் தாளையோ ஒட்டறோம், அதைப் படிச்சுக்கிட்டா இருக்கோம்?

லூர்து கேப்பா. ஒவ்வொரு தடவையும் கேப்பா. "கார்டு வந்துச்சாங்க? பின்னாடி எதாச்சும் எழுதியிருக்காங்களா?" நான், கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு, முத்து முத்தான்னு ஆல்பத்தைப் பிரிச்சுக் காட்டுவேன். ஒட்டிக் காய்ஞ்சப்பறம்தான் காட்டுவேன். அடுப்படிக் கை, எண்ணெய் பட்டா போச்சு. அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. "வேற ஒண்ணும் எழுதலையா?"ம்பா. அவங்க எம்புட்டுப் பெரிய நடிகை, உனக்குக் கதை எழுதிக்கிட்டு உக்காந்திருப்பாங்களாடின்னு சிரிப்பேன். அவளும் சிரிச்சுக்குவா.

அப்படியே மூணு நாலு வருஷம் ஓடுச்சு. அப்புறம் அவளுக்குச் சலிப்பு வந்துடுச்சு. மூணு பக்கம் எழுதினவ ஒரு பக்கம் எழுதினா. கடைசியில நான் சொல்ற அஞ்சு வரியோட நிறுத்திக்குவா. பொம்பளைங்களுக்கு எதுலயும் நிலையா ஒரு ஆர்வம் இருக்காதுன்னு நினைச்சேன். அந்தம்மாவும் சினிமாவை விட்டு விலகிட்டாங்க. கார்டு நின்னுது. ஆல்பம் நின்னுது. நான் மட்டும் அம்பது வருஷமா வேப்பிலையும் கற்பூரமும் வெச்சு அதைக் காப்பாத்திட்டு வந்தேன்.

இந்தா, வர்றா. காப்பி எடுத்துக்கங்க.

பாத்தீங்களா? உங்ககிட்ட, "சர்க்கரை போதுமா தம்பி, பஸ்ல வந்தது களைப்பா இருக்கும்"னு எம்புட்டு அன்பாக் கேட்டா! எனக்கு டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டா. இதைத்தான் சொல்றேன். ரெண்டு வருஷம், ஒரு வார்த்தை கிடையாது. சோறு வரும், மாத்திரை வரும், வெந்நீர் வரும். வார்த்தை வராது. காது கேக்காதவன் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கு தம்பி.

சொல்றேன், சொல்றேன். பேப்பர்ல வந்துச்சு இல்லையா, வந்த மூணாம் வாரம் ஒரு அம்மா கார்ல வந்து இறங்கினாங்க. அறுபது வயசு இருக்கும், சுபத்ரான்னு பேரு, நீலவேணியோட தம்பி மகள். எனக்குக் கால் தரையில பாவலை. நீலவேணி வீட்டு ரத்தம் நம்ம வாசல்படி ஏறுதுன்னு, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, ஆல்பத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். அந்தம்மா ஆல்பத்தைப் பாக்கவே இல்லை தம்பி. "லூர்தம்மாள்ங்கிறது யாருங்க? இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. நான்தாங்க சேகரிச்சவன், பேப்பர்ல இருக்கிறது நான்தான்னேன். "சந்தோஷம் ஐயா, அவங்களைக் கூப்பிடுங்க"ன்னாங்க.

லூர்து ஈரக் கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு வந்து நின்னா. அந்தம்மா பையிலேர்ந்து ஒரு கட்டு எடுத்தாங்க. ரிப்பன் போட்டுக் கட்டின கட்டு. எல்லாம் லூர்து எழுத்து. அவ அனுப்பின கடுதாசி ஒண்ணு விடாம அந்த நடிகை எடுத்து வெச்சிருந்திருக்காங்க. நான் சேத்து வெச்ச மாதிரி அவங்க அதைச் சேத்து வெச்சிருக்காங்க! எனக்கு ஒண்ணும் புரியலை. மைதா மாவு விலை, பிள்ளை பெத்த கதை, அதுல என்ன இருக்கு சேத்து வைக்க?

"அத்தை போய் ஒன்பது வருஷம் ஆகுது. கடைசி வரைக்கும் உங்களைப் பத்திப் பேசுவாங்க. அந்தத் திண்டுக்கல் பொண்ணுக்கு நான் என்ன குத்தம் செஞ்சேன், நான் கேட்டதுக்கு மட்டும் ஏன் பதிலே எழுதலைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க"ன்னு அந்தம்மா சொன்னாங்க.

"அவங்க எனக்கு எதுவும் எழுதலையேம்மா. படம்தான் வந்துச்சு"ன்னா லூர்து.

"படத்துக்குப் பின்னாடிதானே எழுதுவாங்க?"

லூர்து என்னைப் பாக்கலை. ஆல்பத்தைப் பாத்தா. நான் ஏதாவது பேசணுமேன்னு, காப்பி சாப்பிடுங்கன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன். அவங்க கடுதாசிக் கட்டை லூர்து கையில குடுத்து, அவ கையைப் புடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்துட்டுக் கிளம்பிட்டாங்க. என்கிட்ட போயிட்டு வர்றேன்னு தலையை ஆட்டினதோட சரி. ஆல்பத்தை அவங்க ஒரு தடவை புரட்டிக்கூடப் பாக்கலை, அது எனக்கு இன்னும் ஆறலை.

மறுநாள் எனக்குக் கண் ஆஸ்பத்திரி. போயிட்டு, கண்ணுல மருந்து விட்ட மங்கலோட மதியம் திரும்பி வர்றேன், கொல்லைப் பக்கம் ஆவி பறக்குது. துணி துவைக்கிறான்னு நினைச்சேன். கிட்டப் போனா, அலுமினிய அண்டாவுல நீலவேணி மிதக்குது. கண்ணு தனியா, நெத்தி தனியா, குதிரை தனியா. புரோமைடு படம் தம்பி அதெல்லாம், கொதிநீர் பட்டா மேல இருக்கிற படலம் வழுக்கிட்டு வந்துடும், பால் ஆடை மாதிரி. முன்பக்கம் மைப் பேனாவுல போட்ட கையெழுத்தெல்லாம் கரைஞ்சு, தண்ணியே ஊதாவா இருக்கு. பசையைக் கழட்டக் கொதிநீர் ஊத்தணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தவனே நான்தான். பழைய புஸ்தகத்து முதுகைப் பிரிக்க அப்படித்தான் செய்வோம்.

கொடியைப் பாத்தேன். துணிக் கிளிப் போட்டு வரிசையா கார்டு தொங்குது, வெறும் தாளா, பின்பக்கம் வெளியே தெரியற மாதிரி. பால்பாயிண்ட் எழுத்து ஒரு சொட்டுக்கூட அழியலை. முகம் போயிடுச்சு, எழுத்து நிக்குது.

நான் கத்தினேன். அம்பது வருஷம்டி, என் உசுருடின்னு கத்தினேன். கையை ஓங்கினேன், ஆனா அடிக்கலை. மாதா மேல ஆணையா அடிக்கலை. அவ பாட்டுக்குக் குனிஞ்சு ஒரு பக்கத்தைச் சுரண்டிக்கிட்டு இருந்தா. மத்ததெல்லாம் ஊறினதும் கழண்டிருக்கு, அந்த ஒரு கார்டு மட்டும் விடலை. வெங்காயம் அரியற கத்தியால ஓரத்துலேர்ந்து மெல்ல மெல்ல எடுக்கிறா. அது ஏன் விடலைன்னா, அதுக்குப் பசை கொஞ்சம் தூக்கலா விழுந்திருக்கும். ஒரு நாளைப் போல ஒரு நாள் பக்குவம் இருக்குமா?

அதை எடுத்துப் படிச்சா. நின்னபடியே படிச்சா. படிச்சுட்டு என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா. "நீங்க இதைப் படிச்சீங்களா?"

இல்லைன்னேன்.

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் இந்த ரெண்டு வருஷமா வாயைத் திறக்கலை.

அதுல என்ன இருந்துச்சுன்னு எங்க மகள் பிலோமி வந்துதான் சொன்னா. திருச்சியில இருக்கா, போன் போட்டு வரவழைச்சேன், அம்மாவுக்குப் புத்தி சொல்லட்டும்னு. அவ கார்டை எல்லாம் தேதிவாரியா அடுக்கி வெச்சு, ஒவ்வொண்ணா படிச்சா, படிக்கப் படிக்க அழுதா. அழறதுக்கு என்ன இருக்கு? 'குழந்தைக்குப் பேர் வைத்துவிட்டாயா? நீ எழுதிய தண்ணீர்ச் சண்டையைப் படித்துச் சிரித்ததில் மேக்கப் கலைந்து, இன்னொரு தடவை போட வேண்டியதாகிவிட்டது.' இப்படி ஒண்ணு. 'நீ படிப்பைப் பற்றி எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்'னு ஒண்ணு. அப்புறம்தான் கத்தியால சுரண்டி எடுத்த அந்த மே மாசத்துக் கார்டு. எழுபத்தொண்ணு மே. 'டிரெயினிங் பள்ளித் தலைமையம்மாவிடம் பேசிவிட்டேன். உனக்கு இடம் இருக்கிறது. ஜூன் பத்தாம் தேதிக்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு வந்துவிடு. என் வீட்டு மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா, ரெண்டு வருஷம்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்.'

ஜூன் மாசம் தம்பி! நீங்களே யோசிச்சுப் பாருங்க. பள்ளிக்கூடம் திறக்கிற மாசம், நோட்டு பைண்டிங் மலையாக் குவியும். தாள் மடிக்கிறது, ஊசி கோத்துத் தைக்கிறது எல்லாம் லூர்துதான். அவ மடிச்சா ஓரம் அப்படியே வெட்டின மாதிரி நிக்கும். கைக்குழந்தை வேற, எட்டு மாசம். அந்த நேரத்துல மெட்ராஸுக்குப் போறேன்னு கிளம்பினா, கடை என்னாகும், நான் என்னாவேன்? சினிமாக்காரங்களுக்கு என்ன, கழுவி வெச்சேன் வான்னு எழுதிடுவாங்க.

அதுக்கடுத்த கார்டு ஜூலையில. 'நீ வரவில்லை. வீட்டில் விடவில்லையா? ஒரு வரி எழுது, நான் வந்து பேசுகிறேன்.' அப்புறம் ஆகஸ்டுல ஒண்ணு. 'மற்றதெல்லாம் எழுதுகிறாய், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. உனக்கு விருப்பம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இனி இதைப் பற்றிக் கேட்க மாட்டேன்.' அதோட எழுத்து நின்னுபோச்சு. அதுக்கப்புறம் வந்த பத்துப் பன்னெண்டு கார்டுக்கும் பின்பக்கம் வெறுமை.

அந்தப் பக்கம் லூர்து எழுதின கடுதாசியையும் பிலோமி படிச்சா. அதே ஆகஸ்டுல இவ எழுதியிருக்கா. 'அக்கா, நான் படிக்க ஆசைப்பட்டு எழுதியது தப்பு, மன்னித்துவிடுங்கள். இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.' பிலோமி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, "அப்பா, நீங்க ஒரு தடவைகூடப் பின்னாடி பாக்கலையா?"ன்னா. இல்லம்மான்னேன். அவளும் ரெண்டு நாள் என்கிட்ட பேசாம ஊருக்குப் போயிட்டா. புத்தி சொல்லக் கூப்பிட்ட மகளும் அந்தப் பக்கம் சாஞ்சுட்டா.

இதுல நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? குடிச்சேனா, அடிச்சேனா, இன்னொருத்தி வீட்டுக்குப் போனேனா? ஒரு கார்டை ஒட்டினேன். அவ படிச்சிருந்தா மட்டும் போயிருப்பாளா, என்னமோ. போயிருப்பா. அதான் பயம்.

அந்தக் கார்டெல்லாம் அவ டிரங்குப் பெட்டியில இருக்கு. பெட்டிச் சாவி அவ இடுப்புல இருக்கு. உங்களுக்கு வேணும்னா அவளைத்தான் கேக்கணும், நான் கேட்டா காது கேக்காது. இப்பல்லாம் பின்பக்கத்துக்குத்தான் மதிப்புன்னு நீங்க போன்ல சொன்னீங்களே, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. முன்பக்கத்துக்கு மதிப்பே இல்லைன்னா நான் எதுக்கு அம்பது வருஷம் கற்பூரம் வெச்சேன்?

ஆல்பமா? ஆல்பம் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா எப்படி, என் வயித்தெரிச்சலே அதுதானே. தண்ணியில ஊறின தாளையெல்லாம் அவ பிய்ச்சு எறிஞ்சுட்டா. அட்டையும் முதுகும் நல்லா இருந்துச்சு. வெள்ளைத் தாள் மடிச்சு, தைச்சு, திரும்ப அவளே கட்டிட்டா. எதுக்குடி இதுன்னு கேட்டேன், ஊசியையும் நூலையும் எடுத்து வெச்சுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கடுதாசிக்காக அம்பது வருஷம் ஏங்கின மனுஷி, கடுதாசி போட்டா மனசு இளகுவாள்னு. நேர்ல பேசினாத்தானே முகத்தைத் திருப்பறா. நான் கடுதாசி எழுதாதவனா, எத்தனை நட்சத்திரத்துக்கு எழுதச் சொல்லி வாங்கினவன்! தபாலாபீஸ்ல கார்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு பக்கம் அவ பேரு, வீட்டு விலாசம். மறுபக்கம் விஷயம். தபால் பெட்டியில போட்டேன். மறுநாள் போஸ்ட்மேன் வந்து, லூர்தம்மாள்னு கூப்பிட்டுக் குடுத்தாப்ல.

அவ வாங்கினா. பேரைப் பாத்தா, அவ பேரு தபால்ல வந்து எத்தனையோ காலம் ஆச்சே. திருப்பலை. உள்ள போனா, பசைக் கிண்ணத்தை எடுத்தா, நான் எழுதின பக்கத்துல முழுக்கத் தடவி, புது ஆல்பத்தோட முதல் தாள்ல ஒட்டி, துணியால நீவி, மேல அம்மிக் குழவியை வெச்சுட்டா.

தாள்ல அவ பேரு மட்டும் தெரியுது. லூர்தம்மாள், திண்டுக்கல். என் எழுத்துல.

நான் விடலை. வாரம் ஒண்ணு எழுதினேன். உடம்பு எப்படி இருக்குன்னு எழுதினேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதினேன். பிலோமி பொறந்தப்ப மழையில ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா புடிச்சு ஓடினதை எழுதினேன், நான் அப்படி எல்லாம் எழுதுவேன்னு எனக்கே தெரியாது தம்பி, எழுதி முடிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. எல்லாம் அதே கதிதான். வாங்குவா, பசை தடவுவா, ஒட்டுவா. ஆல்பத்துல பாதி நிறைஞ்சாச்சு. பக்கத்துக்குப் பக்கம் அவ பேரு.

போன மாசம்தான் ஒண்ணு எழுதினேன். மூணே வரி. எழுதறதுக்கு முன்னாடி கோயிலுக்குப் போய், பாவசங்கீர்த்தனம் பண்ற இடத்துல நின்னு, சாமியார்கிட்ட சொல்லலாமான்னு பாத்து, சொல்லாம வந்துட்டேன். அவகிட்டதானே சொல்லணும். வீட்டுக்கு வந்து எழுதினேன். 'லூர்து, அந்த மே மாதத்துக் கார்டை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஒட்டினேன். நீ போய்விடுவாய் என்று பயந்து இரண்டு தடவை பசை தடவினேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன். இதை நான் ஒரு ஜீவன்கிட்டயும் சொன்னதில்லை. இப்ப உங்ககிட்ட சொல்றதுதான்.

மறுநாள் பதினோரு மணிக்கு போஸ்ட்மேன் வந்தாப்ல. நான் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். அவ கார்டை வாங்கினதும் நான் எந்திரிச்சு நின்னேன். லூர்து, மத்ததை எல்லாம் விட்டுடு, இது ஒண்ணை மட்டும் திருப்பிப் பாரு, உன் காலைப் புடிச்சுக் கேக்கிறேன்னேன். இந்த ரெண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் அவ என்னை நேருக்கு நேர் பாத்தா. கோவம் இல்லை அந்தப் பார்வையில. கோவம் இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அப்புறம் உள்ள போய் ஒட்டிட்டா.

எட்டாவது படிச்ச மனுஷன், எண்பது வயசுல, அம்பத்து மூணு வருஷம் மறைச்சதை ஒளிவு மறைவில்லாம எழுதிக் குடுக்கிறான். அதைத் திருப்பிக்கூடப் பாக்காம ஒருத்தி பசை தடவி ஒட்டறா. இது நியாயமா தம்பி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இது நியாயமா?